கம்பம் 6: ஒரு தெருக் குழுவும் 9 சென்டிமீட்டரும்

2024 அக்டோபரில் ஒரு ராத்திரி. மழை வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தது. எங்கள் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் ஒரே ஒரு வரி வந்து விழுந்தது: "கம்பம் 6. தண்ணி ஓடுது, நிக்கல."

அனுப்பியவர் ஆறாம் கம்பத்துக்கு எதிர் வீட்டு அக்கா. ஐப்பசி பிறந்தால் போதும், சாக்கடைத் தண்ணீர் ஏறி அவர் வீட்டு வாசலில் இரண்டு படி முங்கிவிடும். பீரோவின் நான்கு காலுக்கும் செங்கல் வைத்துத் தூக்கியே வைத்திருந்தார், வருஷம் பூராவும். அந்த ஒரு வரி வருவதற்கு எங்களுக்கு மூன்று வருஷம், செத்துப்போன ஒரு குழு, 15 மீட்டர் பிளாஸ்டிக் குழாய், 1,968 ரூபாய் ஆனது. நடந்ததை நடந்த வரிசையில் எழுதி வைக்கிறேன். வேறு தெருவில் யாராவது ஆரம்பித்தால், நான் முட்டிக்கொண்ட இடங்களிலாவது முட்டாமல் போகட்டும்.

கோவைப் பக்கம் ஒரு நகராட்சி. ஊர்ப்பெயர் வேண்டாம், இங்கே இருக்கிறவர்களோடுதான் இன்னும் வேலை பார்க்க வேண்டும். தெருவில் 62 வீடு, அதில் 27 வாடகை. நீளம் 210 மீட்டர், 8 மின்கம்பம். நான் ஒரு நூற்பாலையில் ஸ்டோர் கீப்பர். பதிவேட்டில் ஏறாத பொருள் எனக்கு இல்லாத பொருள். இந்தப் புத்திதான் பின்னால் கை கொடுத்தது, நடுவில் கழுத்தையும் அறுத்தது.

முதல் குழு 2021 மே மாதக் கடைசியில் ஆரம்பித்தது. தளர்வு இல்லாத முழு ஊரடங்கு, காய்கறியை வண்டியில் தெருத்தெருவாக விற்க ஏற்பாடு செய்திருந்தார்கள். வண்டி எத்தனை மணிக்கு எந்த முனையில் நிற்கும் என்று தெரிந்துகொள்ளத்தான் குழு. இரண்டே நாளில் 48 எண்கள் சேர்ந்தன. அந்த ஒரு மாதம் குழு நன்றாக ஓடியது. "வண்டி கோயில்கிட்ட", "தக்காளி தீர்ந்துருச்சு", அவ்வளவுதான் பேச்சு. ஊரடங்கு போனதும் வண்டி போயிற்று, குழு மட்டும் நின்றுவிட்டது. அதற்கப்புறம் காலை வணக்கம், ரோஜாப்பூ, கஷாயம். 2022 பிப்ரவரி 19 நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் வந்தபோது தெருவிலேயே இரண்டு தரப்பு. ஒரே ராத்திரியில் 19 பேர் வெளியேறினார்கள். நான் பயந்துபோய், அட்மின் மட்டும் எழுதலாம் என்று பூட்டினேன். பூட்டியது பூட்டியதுதான், அதில் பிறகு ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை.

அப்போது நான் நினைத்தது, ஆட்கள் சரியில்லை என்று. இப்போது யோசித்தால், காய்கறி வண்டி போனபோதே குழுவுக்கு வேலை போய்விட்டது. அன்றைக்கே நன்றி சொல்லிக் கலைத்திருக்க வேண்டும்.

அடுத்த மழைக்காலத்தில் மறுபடி தண்ணீர் ஏறியது. புதுக் குழு தொடங்கினேன், தெருப் பெயரோடு 'வேலை' என்ற சொல்லைச் சேர்த்து. இந்த முறை ஒழுங்காக நடத்துவோம் என்று 14 விதிமுறை தட்டச்சு செய்து போட்டேன். ஸ்டோர் புத்தி. ஒருத்தரும் படிக்கவில்லை. முதல் நாளே நாலாவது விதியை மீறியது என் மச்சான்.

அதைவிடப் பெரிய தப்பு அடுத்த வாரம். "சாக்கடையில் குப்பை போடுவதைப் பார்த்தால் படம் எடுத்துப் போடுங்கள்" என்று எழுதினேன். இரண்டு நாளில் படம் வந்தது. 40-ம் எண் வீட்டு அம்மா சமையலறை வாளியைச் சாக்கடையில் கவிழ்க்கிறார், முகம் பளிச்சென்று தெரிகிறது. நான் பார்த்து நீக்குவதற்குள் முப்பது பேர் பார்த்துவிட்டார்கள். சாயங்காலம் அவர் கணவர் என் வீட்டு கேட்டில் நின்றார். "சார், என் சம்சாரத்தைத் தெருவுக்கே படம் புடிச்சுப் போடுவீங்களா?" என்னிடம் பதில் இல்லை. குடும்பத்தோடு குழுவை விட்டுப் போனார்கள். மூன்று தடவை வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். மூன்றாவது தடவைதான் உட்காரச் சொன்னார்.

14 விதியையும் அன்றைக்கே எடுத்துவிட்டு ஒன்று வைத்தேன்: ஆளைச் சொல்ல வேண்டாம், இடத்தைச் சொல்லுங்கள். இடம், நேரம், முடிந்தால் அளவு. குழுவின் குணம் மாறியது இதிலிருந்துதான். "யாரு இந்தக் குப்பையப் போட்டது" என்று கேட்டால் சண்டை. "மூணாங் கம்பம், காலை 7 மணி, ரெண்டு மூட்டை" என்று வந்தால் அடுத்தவர் போன் போட்டுவிடுகிறார்.

சரி, இடத்தை எப்படிச் சொல்வது? பழைய கதவு எண், புது கதவு எண் இரண்டும் புழக்கத்தில். "வேப்பமரத்துக்கிட்ட" என்றால் மரம் மூன்று. அதனால் கம்பங்களுக்கு எண் போடலாம் என்று முடிவு செய்து மஞ்சள் எனாமல் பெயின்டும் பிரஷ்ஷும் வாங்கினேன், 210 ரூபாய். இரண்டு கம்பத்தில் எழுதி முடித்தபோது லைன்மேன் வந்து நிறுத்தினார். கம்பத்தில் நாம் எழுதக் கூடாது, அவர்களுக்குத் தனி எண் இருக்கிறது, குழப்பம் வரும் என்றார். சரியான பேச்சு. எழுதியதைத் தின்னர் போட்டுத் துடைத்தேன்.

அதற்குப் பதிலாகக் கம்பத்துக்குப் பக்கத்துக் காம்பவுண்டுச் சுவரில் உள்ளங்கை அளவுக்கு எண் எழுதலாம். ஆனால் சுவருக்குச் சொந்தக்காரரிடம் கேட்க வேண்டுமே. கேட்கப் போனதில்தான் விஷயம் திறந்தது. கதவைத் தட்டி "தெருச் சங்கம் ஆரம்பிக்கிறோம்" என்று சொல்லியிருந்தால் வாசலிலேயே அனுப்பியிருப்பார்கள். "உங்க சுவத்துல ஒரு '5' எழுதிக்கட்டுங்களா" என்றால் சிரிக்கிறார்கள், எதற்கு என்று கேட்கிறார்கள், மோர் கொடுக்கிறார்கள். எட்டு எண் எழுத மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது. எழுதும் வேலை மொத்தமே ஒரு மணி நேரம்தான்.

எந்த வீட்டில் யார் என்று எனக்கு நிஜமாகத் தெரிந்தது 17 வீடு. இருபது வருஷமாக இங்கே குடியிருக்கிறேன். 62 வீடும் தெரிந்தவர் இஸ்திரி வண்டி அண்ணன். யார் காலையில் எழுவார், யார் நைட் ஷிப்ட், எந்த வீட்டுக்காரர் வெளிநாட்டில், எல்லாம் அவர் வாயில் இருந்தது. அவரிடம் இருப்பது பட்டன் போன், குழுவில் இல்லை. அதனால் ஒன்றரைக்கு இரண்டு அடி பிளைவுட் பலகை ஒன்றை அவர் வண்டிக்கு மேலே மாட்டினோம். சனிக்கிழமை தோறும் குழுவில் வந்த விஷயத்தை ஒரு பக்கமாக அச்செடுத்து அதில் குத்துவேன். துணி வாங்க வருகிறவர்கள் படித்தார்கள். படிக்காதவர்களுக்கு அவரே சொன்னார். திரும்பிவரும் செய்தியும் அவர் வழியாகத்தான்: "ஏழாங் கம்பத்துல லைட்டு எரியலைன்னு பால்காரர் சொன்னாருங்க." குழுவில் பதிவான புகார்களில் கிட்டத்தட்டப் பாதி இப்படி வந்து நான் தட்டச்சு செய்தவை. ஒடிசாவிலிருந்து வந்த மில் தொழிலாளர்கள் இரண்டு வீட்டில் இருக்கிறார்கள். தமிழ் நன்றாகப் பேசுவார்கள், படிக்க வராது. அவர்களுக்காக அதே பக்கத்தைக் குரல் பதிவாகப் பேசி அனுப்பினேன். அதை அதிகம் கேட்டது என்னவோ கண்ணாடி தேடச் சோம்பல்படும் எங்கள் பெரியவர்கள்தான்.

புகார்களைக் கூகுள் ஷீட்டில் ஏற்றினேன். தேதி, கம்பம், என்ன, அளவு, புகார் எண், முடிந்த தேதி. தெருவிளக்கு எளிதில் வசப்பட்டது. எட்டில் நாலு எரியாமல் இருந்தது, ஐந்து வாரத்தில் நாலும் எரிந்தன. இதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

சாக்கடைதான் மசியவில்லை. மூன்று மனு கொடுத்தோம், மூன்று முறையும் வந்து தூர் வாரினார்கள். குறை சொல்ல முடியாது, நன்றாகவே வாரினார்கள். மூன்றாவது வாரம் பார்த்தால் பழையபடி கறுப்புத் தண்ணீர், கொசு. குழுவில் கோபம் ஏறியது. அப்போதுதான் ஐந்தாம் கம்பத்து வாடகை வீட்டு மேஸ்திரி முதல்முறையாகக் குரல் பதிவு அனுப்பினார். பதினோரு நொடி. "தூரு பிரச்சனை இல்லீங்க. வாட்டமே தப்பு. டியூப் லெவல் புடிச்சா தெரிஞ்சுரும்."

வாட்டம் என்றால் தண்ணீர் ஓடுவதற்கான சரிவு. டியூப் லெவல் என்றால், கட்டட வேலையில் மட்டம் பார்க்கும், உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் குழாய். ஹார்டுவேர் கடையில் மீட்டர் 22 ரூபாய், 15 மீட்டர் வாங்கினோம், 330. முப்பது மீட்டர் டேப் 360. குழாயில் தண்ணீர் நிரப்பி இரண்டு நுனியையும் தூக்கிப் பிடித்தால் இரு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். இரண்டு இடத்திலும் அந்த மட்டத்திலிருந்து சாக்கடைத் தரை எவ்வளவு கீழே இருக்கிறது என்று அளந்து கழித்தால் தரையின் ஏற்ற இறக்கம் வந்துவிடும்.

2023 டிசம்பர் முதல் ஞாயிறு. ஆறு பேர், பத்து மீட்டருக்கு ஒரு புள்ளி, 21 அளவுகள். மேஸ்திரிக்கு அன்று வேறு இடத்தில் கான்கிரீட், நாங்களே எடுத்தோம். வீட்டுக்கு வந்து கூட்டிப் பார்த்தால் எங்கள் தெருவில் தண்ணீர் மேட்டை நோக்கிப் பாய்கிறது. அடுத்த வாரம் மேஸ்திரி வந்து ஒரு நிமிஷம் பார்த்தார். "சார், வெரலை எடுங்க." தண்ணீர் சிந்தாமல் இருக்க நான் குழாய் நுனியைக் கட்டை விரலால் அடைத்துக்கொண்டே படித்திருக்கிறேன். அடைத்தால் மட்டம் எப்படி நிற்கும்? போதாக்குறைக்கு நடுக்குழாயில் காற்றுக் குமிழி ஒன்று. குமிழி போகும்வரை குழாயைத் தட்டித் தட்டி மறுபடி நிரப்பி, இரண்டு விரலையும் எடுத்துவிட்டு, முதலிலிருந்து எடுத்தோம். கடைசிக் கம்பத்திலிருந்து திரும்பவும் முதல் கம்பம் வரை அளந்து சரிபார்த்ததில் வித்தியாசம் 2 செ.மீ. அது போதும் என்றார்.

கணக்கு இப்படி வந்தது. முதல் கம்பத்திலிருந்து ஆறாம் கம்பம் வரை, 150 மீட்டருக்கு, தரை 31 செ.மீ. இறங்குகிறது. ஆறிலிருந்து ஏழு வரை இறங்குவதற்குப் பதில் 9 செ.மீ. ஏறுகிறது. ஏழில்தான் குறுக்கே சிறுபாலம், அதன் தரையை உயர்த்திப் போட்டிருக்கிறார்கள். அதைத் தாண்டினால், சாக்கடை போய் விழும் பள்ளம் வரைக்கும் 26 செ.மீ. நல்ல இறக்கம். ஆக எவ்வளவு தூர் வாரினாலும் பாலத்துக்கு முன்னால் 9 செ.மீ. தண்ணீர் தேங்கத்தான் செய்யும், தேங்கிய தண்ணீரில் மண் படியத்தான் செய்யும். 150 மீட்டருக்கு 31 செ.மீ. என்ற இறக்கத்தில் 9 செ.மீ. தேங்கினால், தேக்கம் ஆறாம் கம்பத்திலிருந்து சுமார் 43 மீட்டர் பின்னால் போகும், அதாவது நாலாம் கம்பத்துக்கும் ஐந்தாம் கம்பத்துக்கும் நடுவில் முடியும். ஷீட்டை எடுத்துக் கொசுப் புகார்களைக் கம்பவாரியாகப் பிரித்தேன். நாலரையோடு நின்றது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை, சந்தோஷத்தில்.

இங்கே இன்னொரு சறுக்கல். சூட்டோடு சூடாகத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டேன். 10 ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டி, அந்தச் சாக்கடை வேலையின் மதிப்பீடும் எம்-புக் (வேலையின் அளவுகளை எழுதும் புத்தகம்) நகலும் கேட்டேன். முப்பது நாளுக்குள் பதில் வந்தது, 14 பக்கம், பக்கத்துக்கு 2 ரூபாய் வீதம் 28. நீளம், அகலம், ஆழம் எல்லாம் இருந்தது. எங்களுக்கு வேண்டிய மட்டம் அந்தப் பக்கங்களில் இல்லை. கைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, ஆனால் அலுவலகத்தில் "அந்தத் தெருக்காரங்க ஏதோ கேஸ் போடப் போறாங்க" என்று பேச்சானது. அதுவரை போனை எடுத்தவர் எடுக்கவில்லை. சட்டம் நல்ல கருவிதான். ஆனால் கையால் கழற்ற முடிகிற நட்டுக்கு நான் முதலிலேயே சம்மட்டியை எடுத்துவிட்டேன்.

பகுதி சபா என்று ஒன்று இருப்பது எங்களில் பலருக்குத் தெரியாது. கிராமசபை தெரியும். நகரத்துக்கும் அதே மாதிரி வார்டு குழு, பகுதி சபா என்று 2022-ல் விதிகள் வந்து, அந்த வருஷம் நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று, முதல் கூட்டங்கள் நடந்தன. அன்றைக்கு நாங்கள் யாரும் போகவில்லை. 2024 ஜனவரிக் கடைசியில் எங்கள் பகுதிக்குக் கூட்டம் என்று கவுன்சிலர் சொன்னார். முந்தைய கூட்டத்துக்கு அதிகாரிகளையும் சேர்த்து ஒன்பது பேர்தான் வந்திருந்தார்களாம்.

குழுவில் வாக்கெடுப்பு வைத்தேன். 31 பேர் 'வருகிறேன்'. வந்தது 11. திரையில் விரல் வைப்பதற்கும் செருப்பு மாட்டுவதற்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று அன்றைக்குத் தெரிந்தது. கூட்டம் தொடங்கிப் பத்து நிமிஷம் கழித்து இன்னும் எட்டுப் பேர் வந்தார்கள். இஸ்திரி அண்ணன் துணி கொடுக்கும்போதே ஒவ்வொருவரிடமும் "நாலு மணிக்குங்க, போயிட்டு வந்துருங்க" என்று சொல்லியிருக்கிறார். ஆக 19.

ஆளாளுக்குப் பேசக் கூடாது, மேஸ்திரி மட்டும் பேசுவார் என்று முன்கூட்டியே ஒப்பந்தம். சார்ட் பேப்பரில் சாக்கடையின் நீளவாட்டுப் படம் வரைந்திருந்தோம், ஏற்றம் மட்டும் சிவப்பில். அவர் பேசியது நாலு நிமிஷம். யாரையும் குற்றம் சொல்லவில்லை. பொறியாளர் படத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "மட்டம் யாரு எடுத்தது?" நான்காம் நாள் மட்டம் பார்க்கும் ஆட்டோ லெவல் கருவியோடு வந்தார். அவருக்கு வந்தது 8.5. எங்கள் 9-ஐப் பார்த்து, "பரவாயில்லையே" என்றார். குழுவில் அன்று வந்த கைதட்டல் பொம்மைகளை நான் நீக்கவில்லை.

தீர்மான நோட்டில் ஏற்றச் சொல்லி, ஏற்றியதைப் படம் எடுத்துக்கொண்டோம். இதற்குள் மார்ச் 16, மக்களவைத் தேர்தல் அறிவிப்பு, நடத்தை விதி. ஜூன் வரை எந்தப் புது வேலையும் கிடையாது. குழு தளர ஆரம்பித்தது. ரோஜாப்பூ ஒன்று எட்டிப் பார்த்தது. என்ன செய்வதென்று தெரியாமல் சனிக்கிழமை காலை 7 மணிக்கு ஆறாம் கம்பத்தில் தேங்கிய தண்ணீரின் ஆழத்தை அளந்து போட ஆரம்பித்தேன். 10. 11. 10. 12. சலிப்பான வேலை. ஐந்தாவது வாரம் யாரோ வெள்ளிக்கிழமை ராத்திரியே "நாளைக்கு 11" என்று எழுத, இன்னொருவர் "9, ஒரு டீ பந்தயம்" என்றார். அப்புறம் வாரா வாரம் பந்தயம். அந்தப் பதினோரு வாரத்தையும் ஓட்டியது டீதான்.

ஆகஸ்டில் ஒப்பந்ததாரர் வந்து பாலத்தின் மூன்று பலகைக் கல்லைத் தூக்கினார். ஆறு நாள் வேலை. இரண்டாம் நாள் சாயங்காலம், மூடுவதற்கு முன்னால், நாங்களே டியூப் பிடித்துப் பார்த்தோம். 7 செ.மீ.தான் வெட்டியிருந்தார்கள், இன்னும் 2 ஏற்றம் மீதி. மேற்பார்வையாளரைக் கூப்பிட்டுக் குழாயை அவர் கையிலேயே கொடுத்தோம். மறுநாள் வெட்டி மொத்தம் 12 ஆனது, ஏற்றம் போய் 3 செ.மீ. இறக்கம். மூடிய பிறகு பார்த்திருந்தால் கதை முடிந்திருக்கும். புதுத் தளம் காயாமல் இருக்கத் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது, பக்கத்தில் குழாய் இல்லை. 40-ம் எண் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லாமல் மோட்டாரைப் போட்டுத் தன் வீட்டு ஹோஸை நீட்டினார், ஐந்து நாளைக்கு. குழுவில் அவர் இன்னும் சேரவில்லை. நானும் கேட்கவில்லை.

செலவில் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். பலகை, பின் 240, அச்செடுக்க 180, சார்ட்டும் ஸ்கெட்ச் பேனாவும் 85, டீயும் பஜ்ஜியும் 525. முதலில் வீட்டுக்கு 50 ரூபாய் வசூலிக்கப் பார்த்தேன். ஆறு வீடு கொடுத்ததும் ஏழாவது வீடு கணக்குக் கேட்டது, வேலை தொடங்குவதற்கு முன்பே. திருப்பிக் கொடுத்துவிட்டு நாங்கள் நாலு பேர் பகிர்ந்துகொண்டோம்.

இன்னொரு தடவை செய்வதாக இருந்தால் மூன்று மனுவுக்கு முன்னால் டியூபை எடுப்பேன். அட்மின் நான் ஒருவனே என்பதை மாற்றுவேன், ஒரு பெண்ணும் ஒரு வாடகை வீட்டுக்காரரும் கட்டாயம் இருக்க வேண்டும். படங்களை ஆவணமாக அனுப்பச் சொல்வேன். சாதாரணமாக அனுப்பினால் அளவுகோலின் எண் மங்கி, 11-ஆ 17-ஆ என்று தெரியாமல் இரண்டு பந்தயம் தகராறில் முடிந்தது. வாடகை வீடுகள் விஷயம் இன்னும் பாக்கி. பகுதி சபாவில் உறுப்பினர் என்றால் அந்தப் பகுதி வாக்காளர். 27 வீட்டில் பெரும்பாலோருக்கு ஓட்டு சொந்த ஊரில். மேஸ்திரிக்கும் அப்படித்தான், அன்று யாரும் கேட்கவில்லை என்பதால் தப்பித்தோம். இங்கேயே நிலைக்கப் போகிறவர்களுக்கு முகவரி மாற்றப் படிவம் 8 நிரப்பித் தர ஒரு ஞாயிறு ஒதுக்கியிருக்கிறோம். முதல் பெயர் அவருடையது.

முதல் மூன்று கம்பத்துப் பகுதியில் சாக்கடைச் சுவர் சரிந்திருக்கிறது, அது அப்படியே இருக்கிறது. காலி மனைக் குப்பையும் குறையவில்லை. 2022-ல் வெளியேறியவர்களில் மூன்று பேர் இன்னும் என்னைப் பார்த்தால் செல்போனைப் பார்க்கிறார்கள்.

போன வாரம் பின்தெருவிலிருந்து இரண்டு பேர் டியூப் கேட்டு வந்தார்கள். சுருட்டி வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தேன், டேப்பையும் சேர்த்து, பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு. தெருமுனை வரை போனவர்களை மறுபடி கூப்பிட்டு, படிக்கும்போது நுனியிலிருந்து விரலை எடுத்துவிடச் சொன்னேன்.